கராஜ் கதவுக்கு ஸ்மார்ட் ஓப்பனர் வாங்குமுன்: ஒன்ராறியோவில் முதல் வீடு வாங்கியவர்களுக்கு

கடையில் அடுக்கியிருக்கும் ஓப்பனர் (கதவைத் திறந்து மூடும் மோட்டார்) பெட்டிகளின் முகப்பில் வைஃபை படமும் கமராவும் கைபேசியும்தான் பெரிதாக இருக்கும். உங்கள் கதவு எத்தனை அடி உயரம், ஸ்பிரிங் எந்த வகை, கூரையில் பிளக் இருக்கிறதா என்று எந்தப் பெட்டியும் கேட்காது. வாங்கி வந்து பிரித்த பிறகுதான் மோட்டாரிலிருந்து கதவு வரை கூரையோடு ஓடும் ரெயில் ஒரு அடி குட்டை என்று தெரியவரும். மார்க்கம், ஏஜக்ஸ், பிராம்டன் பக்கம் புது வீடு எடுப்பவர்களிடம் இந்தக் கதை ஓயாமல் நடக்கிறது. முதலில் கதவு, பிறகு இடம், பிறகு மோட்டார். செயலி கடைசி. இந்த வரிசையை மாற்றினால் காசுதான் போகும்.

கீழே சொல்லும் விலைகள் கனேடிய டொலரில், ஏறத்தாழ. தள்ளுபடிக் காலத்தில் இறங்கும். எல்லாவற்றுக்கும் மேல் 13 சதவீதம் எச்எஸ்டி விற்பனை வரி உண்டு.

1. கதவைக் கையால் தூக்கிப் பாருங்கள்

ஓப்பனரின் வேலை கதவைச் சுமப்பதல்ல. சுமப்பது ஸ்பிரிங். இரண்டு கார் அகலத்தில், உள்ளே காப்புப் பஞ்சு வைத்த இரும்புக் கதவு 150 முதல் 250 பவுண்ட் வரை இருக்கும். ஸ்பிரிங் சரியாக இருந்தால் அதை ஒரு கையால் தூக்கலாம், 10 பவுண்ட் அளவு விசை போதும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அந்தப் பாரம் முழுவதும் மோட்டாரின் தலையில் விழும். புது மோட்டாரும் ஒன்றிரண்டு வருடத்தில் பல்சக்கரம் தேய்ந்து உட்கார்ந்துவிடும். அப்போது எல்லோரும் மோட்டாரைத்தான் திட்டுவார்கள்.

சோதிக்கும் முறை: கதவை முழுவதும் மூடுங்கள். பழைய ஓப்பனர் இருந்தால் தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்து இணைப்பை விடுவியுங்கள். கதவு திறந்திருக்கும்போது இந்தக் கயிற்றை இழுக்கவே கூடாது. ஸ்பிரிங் உடைந்திருந்தால் கதவு அப்படியே விழும். பிறகு கையால் இடுப்பளவுக்கு உயர்த்தி மெல்லக் கையை எடுங்கள்.

கதவு அதே இடத்தில் நின்றால் நல்லது. கீழே சரிந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. தானாக மேலே ஓடினால் முறுக்கு கூடிவிட்டது. நடுவில் எங்கேயாவது பிடித்துப் பிடித்துப் போனால் கோளாறு ரோலரில் (கதவோரச் சில்லு) அல்லது அது ஓடும் தண்டவாளத்தில்.

ஸ்பிரிங் எந்த வகை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கதவுக்கு மேலே, குறுக்குத் தண்டில் சுற்றியிருப்பது முறுக்கு ஸ்பிரிங். இரண்டு பக்கத் தண்டவாளத்துக்கும் மேலே நீளமாக இழுபட்டு நிற்பது இழுவை ஸ்பிரிங். இழுவை வகையானால் அதன் உள்ளே ஒரு பாதுகாப்புக் கம்பி ஓட வேண்டும். இல்லையென்றால் ஸ்பிரிங் அறுந்து பறக்கும் நாளில் காரின் கண்ணாடியோ ஆளின் தலையோ, எதில் படும் என்று சொல்ல முடியாது. முறுக்கு ஸ்பிரிங்கில் ஓர் இடத்தில் இரண்டு விரல் அளவு இடைவெளி தெரிந்தால் அது ஏற்கெனவே உடைந்துவிட்டது.

சாதாரண ஸ்பிரிங் 10,000 தடவை திறந்து மூடுவதற்கென்று செய்யப்பட்டது. ஒரு நாளில் நான்கு தடவை என்றால் ஏழு வருடத்துக்குச் சற்றுக் குறைவு. பேஸ்மென்டில் வாடகைக்கு ஆள் இருந்து, எல்லோரும் கராஜ் வழியாகவே வந்துபோகும் வீட்டில் அதற்கும் முன்பே முடிந்துவிடும்.

ஸ்பிரிங்கை மட்டும் நீங்களே கழற்றப் போகாதீர்கள். யூடியூபில் பத்து நிமிட வேலை போலத் தெரியும். கம்பி நழுவினால் கை எலும்பு முறியும். ஆளை அழைத்தால் 250 முதல் 450 வரை ஆகும். இரண்டு ஸ்பிரிங் உள்ள கதவில் ஒன்று உடைந்தால் இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள், மற்றதற்கும் அதே வயதுதான்.

2. அளவெடுங்கள்

ஒரு அளவு நாடா, ஓர் ஏணி, கைபேசிக் கமரா போதும். எடுத்த அளவுகளைப் படத்தோடு வைத்துக்கொண்டால் கடையிலும் தொழிலாளியிடமும் கதைக்க இலகு.

கதவின் உயரம்தான் அதிகம் பேர் கோட்டைவிடும் அளவு. பெட்டியில் வரும் ரெயில் பெரும்பாலும் 7 அடிக் கதவுக்கானது. புதிய வீடுகள் பலவற்றில் கதவு 8 அடி. அதற்கு நீட்டிப்புத் துண்டோ 8 அடி ரெயிலோ தனியாக வாங்க வேண்டும். துண்டு இல்லாமல் பொருத்தினால் கதவு முழுவதும் மேலே போகாமல் நின்றுவிடும். உயரமான எஸ்யூவி வைத்திருப்பவர்கள் கூரைக் கம்பியை இடித்த பிறகுதான் இதைக் கண்டுபிடிப்பார்கள்.

அடுத்தது, கதவு மேலே போகும்போது அதன் உச்சி விளிம்பு எட்டும் மிக உயர்ந்த புள்ளிக்கும் கூரைக்கும் இடையிலான இடைவெளி. நடுவில் ரெயில் ஓடும் சாதாரண ஓப்பனருக்கு அங்கே இரண்டு அங்குலமாவது வேண்டும். இடம் இல்லாவிட்டால், அல்லது கூரையில் சேமிப்புத் தட்டுப் போட விரும்பினால், சுவரில் பொருத்தும் வகையைப் பார்க்கலாம். அதற்கு முறுக்கு ஸ்பிரிங் கட்டாயம். தண்டின் ஒரு முனைக்கும் பக்கச் சுவருக்கும் இடையில் சுமார் 8 அங்குலம், தண்டுக்கு மேலே சுமார் 3 அங்குலம் இருக்க வேண்டும். மாடலுக்கு மாடல் சிறிது மாறும் என்பதால் அந்தந்தக் கையேட்டின் முதல் பக்கங்களைப் பாருங்கள். வாங்காமலே தயாரிப்பாளரின் தளத்தில் இறக்கிக்கொள்ளலாம்.

பிளக் எங்கே? புது வீடுகளில் கூரை நடுவில் ஒன்றை வைத்தே தருவார்கள். சுவரில் பொருத்தும் வகைக்கு அது தூரமாகிவிடும். மோட்டாரின் வயர் குட்டை, எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு ஓட்டக் கூடாது. கையேடுகள் எல்லாம் இதை வெளிப்படையாகத் தடுக்கின்றன.

3. காகித வேலை

இருக்கும் பிளக்கில் ஓப்பனரைச் செருகுவதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை. புதிதாக ஒரு பிளக் வைக்க வேண்டுமானால் நிலைமை வேறு. ஒன்ராறியோவில் ஆளை வைத்துச் செய்வதென்றால் அந்த வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர்தான் செய்ய வேண்டும். அவருக்கு ஈசிஆர்ஏ/ஈஎஸ்ஏ உரிம எண் இருக்கும், அதை மின் பாதுகாப்பு ஆணையத்தின் (ஈஎஸ்ஏ) தளத்தில் சரிபார்க்கலாம். சொந்த வீட்டில் நீங்களே செய்வதென்றால் அதே ஆணையத்துக்கு முன்கூட்டியே அறிவித்துப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். "தெரிந்த பெடியன் ஒருவன் செய்து தருவான்" என்று விட்டால் வீடு விற்கும்போதோ காப்புறுதி கோரும்போதோ கேள்வி வரும்.

கொண்டோ சட்டத்தின் கீழ் வரும் டவுன்ஹவுஸ் என்றால் நிர்வாகத்துக்கு முதலில் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பல இடங்களில் கராஜ் கதவு பொதுச் சொத்து. கதவில் துளை போட எழுத்தில் அனுமதி வேண்டும். பதில் வர இரண்டு மூன்று வாரம் எடுக்கலாம், ஆகவே பொருளை வாங்குமுன் கேளுங்கள்.

புது வீடு எடுத்து ஒரு வருடம் ஆகாதவர்கள் இதைக் கவனியுங்கள். கதவு சாய்ந்து ஓடினால், சமநிலை தவறியிருந்தால், தண்டவாளம் ஆடினால் அது வேலைப்பாட்டுக் குறை. ஒன்ராறியோவில் புது வீடுகளுக்கான டேரியன் உத்தரவாதத்தின் முதல் வருடத்தில் வரும். அவர்களுடைய இணையக் கணக்கில் படத்தோடு பதிவு செய்து, அது சரியான பிறகே ஓப்பனரைப் பூட்டுங்கள். ஓப்பனர் போட்டபின் முறையிட்டால், உங்கள் மோட்டார்தான் கதவைக் கெடுத்தது என்று கட்டியவர் தட்டிக்கழிக்க வழியாகிவிடும்.

4. மோட்டாரைத் தேர்ந்தெடுங்கள்

சங்கிலி, பெல்ட், சுவர் வகை என்று மூன்றை மட்டும் மனதில் வையுங்கள். திருகுத் தண்டு வகையும் உண்டு. குளிரில் அதன் கிரீஸ் இறுகிவிடும், இங்கே அதற்கு வேலையில்லை.

சங்கிலி வகை மலிவு, 230 முதல் 300 வரை. உழைக்கும். சத்தம்தான் குறை. கராஜ் வீட்டோடு ஒட்டாமல் தனியாக இருந்தால் தாராளமாக இதையே வாங்கலாம்.

கராஜுக்கு மேலே படுக்கையறை இருக்கிறதா? இங்குள்ள இரண்டு மாடி வீடுகளில் பெரும்பாலும் இருக்கும். அப்படியானால் பெல்ட் வகை. பற்றரியும் வைஃபையும் சேர்ந்த நல்ல பெல்ட் மோட்டார் 330 முதல் 450 வரை. இரவு வேலை முடிந்து மூன்று மணிக்கு வருபவர் வீட்டில் இருந்தால் இந்த நூறு டொலர் வித்தியாசத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

சுவர் வகை மோட்டாருக்கு மட்டும் 550 முதல் 800 வரை ஆகும். அமைதியானது, கூரையை விட்டுத்தரும், தானியங்கித் தாழ்ப்பாளும் சேர்க்கலாம். ஆனால் கதவு சமநிலையில் இல்லாவிட்டால் மற்ற வகைகளைவிட இதுதான் முதலில் முரண்டு பிடிக்கும். கதவைத் தூக்கும் கேபிள் சற்றுத் தளர்ந்தாலும் நின்றுவிடும்படி அதில் ஒரு காவல் உறுப்பு இருக்கிறது. பழைய கதவுக்கு இதைப் போட்டுவிட்டு அடிக்கடி நிற்கிறது என்று அலைபவர்கள் பலர்.

வலு: ஒரு கார் கதவுக்கு அரைக் குதிரைவலு போதும். காப்பு வைத்த இரட்டைக் கதவுக்கும் மரக் கதவுக்கும் முக்கால். அதற்கு மேல் எண்ணிக்கை கூடுவது விளம்பரத்துக்கு. ஒன்றேகால் குதிரைவலு வாங்கினால் கதவு வேகமாகவும் போகாது, உடைந்த ஸ்பிரிங்கும் சரியாகாது.

நேர்மின் மோட்டாரா மாறுமின் மோட்டாரா என்பதைப் பார்ப்பது அதைவிட முக்கியம். டிசி என்று குறித்திருக்கும் நேர்மின் மோட்டார் மெல்லத் தொடங்கி மெல்ல நிற்கும், கதவுக்கு அதிர்ச்சி குறைவு. மின்சாரம் போனாலும் கதவைத் திறக்கும் பற்றரிக் காப்பும் இந்த வகையில்தான் வரும். கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் பற்றரி இல்லாத ஓப்பனரை வீடுகளுக்கு விற்கவே முடியாது. காட்டுத்தீ நேரத்தில் மின்சாரம் போய், கதவைத் தூக்க முடியாமல் மக்கள் சிக்கிக்கொண்டதால் வந்த சட்டம். ஒன்ராறியோவில் அப்படிக் கட்டாயம் இல்லை. ஆனால் 2013 டிசம்பர் பனிமழையில் ரொறன்ரோவில் நாட்கணக்கில் இருட்டில் இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வயதான பெற்றோர் வீட்டில் இருந்தால் பற்றரி உள்ளதையே வாங்குங்கள். 200 பவுண்ட் கதவை அம்மாவால் தூக்க முடியாது.

கராஜுக்குள் போக வேறு வாசலே இல்லாத வீடானால், வெளியிலிருந்து சாவி போட்டு இணைப்பை விடுவிக்கும் பூட்டு ஒன்றையும் சேர்த்துப் பொருத்துங்கள்.

5. ஸ்மார்ட் வசதி எந்த வழியில் வருகிறது?

இரண்டு வழி உண்டு. வைஃபை உள்ளேயே அமைந்த புது மோட்டார் ஒன்று. இருக்கும் மோட்டாரோடு இணைக்கும் சிறு பெட்டி மற்றது, 40 முதல் 130 வரை. பழைய மோட்டார் நன்றாக ஓடி, கதவு சமநிலையில் இருந்தால் இரண்டாவது வழியே போதும். மோட்டாரை மாற்ற வேண்டும் என்று கடைக்காரர் சொல்வார், கேட்காதீர்கள்.

ஆனால் மோட்டார் 1993க்கு முந்தியது என்றால் மாற்றியே ஆக வேண்டும். அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் செய்யப்படும் ஓப்பனர்களில் கதவின் கீழ் ஆள் இருப்பதை உணர்ந்து அகப்படாமல் தடுக்கும் மின்கண் போன்ற காவல் இருக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. மின்கண் இல்லாத மோட்டாரைக் கைபேசியிலிருந்து மூடுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு மூடுவதுதான்.

பெட்டி வாங்குமுன் ஏணி வைத்து ஏறி மோட்டாரின் பின்புறத்தையோ பக்கத்தையோ பாருங்கள். சேம்பர்லேன், லிஃப்ட்மாஸ்டர் வகைகளில் சிறிய 'லேர்ன்' பட்டன் ஒன்று இருக்கும். அதன் நிறம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். பச்சை, சிவப்பு, ஊதா என்றால் சுவர்ப் பட்டனின் இரண்டு வயரோடு சேர்த்து இணைக்கும் சாதாரணப் பெட்டிகள் பெரும்பாலும் வேலை செய்யும். மஞ்சள் என்றால் 2011 முதல் வந்த, குறியீடு பூட்டிய முறை. அதில் சுவர்ப் பட்டன் வெறும் சுவிட்ச் அல்ல, மோட்டாரோடு குறியீட்டில் கதைக்கிறது. சாதாரணப் பெட்டியை இணைத்தால் மோட்டார் அசையாது. மெரோஸ் போன்ற பெட்டிகளுக்கு இதற்கெனத் தனித் துணைக்கருவி உண்டு, அதைச் சேர்த்து வாங்க வேண்டும். பெட்டி வேலை செய்யவில்லை என்று கடைக்குத் திருப்பப்படுவதில் பாதி இந்த மஞ்சள் பட்டனால்தான் என்று நினைக்கிறேன். ஜீனி போன்ற மற்ற வகைகளுக்குப் பெட்டித் தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலில் முழு மாடல் எண்ணைப் போட்டுப் பாருங்கள். தொடர் பெயரை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள்.

கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று செயலிக்குச் சொல்வது தனி சென்சர். கதவில் ஒட்டும் சாய்வு சென்சர் சிறு பற்றரியில் ஓடும், கடும் குளிரில் சோர்ந்துவிடும். காந்தத்தோடு வயரில் வரும் சென்சருக்குப் பற்றரித் தொல்லை இல்லை. இந்தக் குளிருக்கு வயர் வகைதான் என் தெரிவு.

அடுத்த கேள்வி, செயலி யாருடைய மேகக்கணினியை நம்பியிருக்கிறது என்பது. சேம்பர்லேன் குழுமத்தின் மைக்யூ, ஜீனியின் அலாடின் கனெக்ட் இரண்டும் நிறுவனத்தின் சேவையகம் வழியாகவே ஓடுகின்றன. 2023இன் கடைசியில் மைக்யூ, தன்னிடம் உடன்பாடு இல்லாத மூன்றாம் தரப்பு மென்பொருள்களுக்கு வாசலை மூடியது. வீட்டுக் கருவிகளை ஒரே இடத்தில் இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளை வைத்திருந்தவர்களின் இணைப்பெல்லாம் ஒரேயடியாகப் போயிற்று. கதவு திறக்க மூட மட்டும் போதும் என்பவருக்கு இது ஒரு பொருட்டில்லை, மைக்யூ நன்றாகவே உழைக்கும். வீட்டு விளக்கு, பூட்டு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கட்டுப்படுத்த நினைப்பவர், மஞ்சள் பட்டன் மோட்டாரோடும் வீட்டு வலையமைப்புக்குள்ளேயே பேசக்கூடிய ரட்கோ (ratgdo) போன்ற சிறு மின்பலகையையோ, ஆப்பிள் ஹோம் ஆதரவு உள்ள பெட்டியையோ பார்க்க வேண்டும்.

பெயர் தெரியாத மலிவுப் பெட்டிகளை விட்டுவிடுங்கள். 2023 ஏப்ரலில் அமெரிக்க இணையப் பாதுகாப்பு முகமை, நெக்ஸ் என்ற கராஜ் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைப் பற்றி எச்சரித்தது. கடவுச்சொல் எல்லாப் பெட்டிக்கும் பொதுவாக உள்ளேயே எழுதப்பட்டிருந்தது. முன்பின் தெரியாதவன் தூரத்திலிருந்து கதவைத் திறக்க முடிந்தது. விளக்கு சுவிட்சில் நடந்தால் வேடிக்கை, வீட்டு வாசலில் நடந்தால் அப்படியில்லை.

6. வைஃபை எட்டுமா என்று வாங்குமுன் சோதியுங்கள்

ரவுட்டர் பேஸ்மென்டின் ஒரு மூலையில், கராஜ் வீட்டின் முன் மூலையில். இதுதான் வழக்கமான அமைப்பு. கதவை மூடிவிட்டு, மோட்டார் வரும் இடத்துக்கு நேர் கீழே ஏணியில் நின்று, கைபேசியை 2.4 கிகாஹெர்ட்ஸ் வலையில் இணைத்து ஒரு காணொளி ஓட விடுங்கள். தடைப்படாமல் ஓடினால் சரி. தடைப்பட்டால் வைஃபையை நீட்டித்துத் தரும் மெஷ் கருவி ஒன்றைக் கராஜ் சுவருக்கு உட்புறம், வீட்டுக்குள் வையுங்கள். கராஜுக்குள் வைத்தால் குளிரில் சாகும்.

பெரும்பாலான ஓப்பனர்கள் 5 கிகாஹெர்ட்ஸ் வலையைப் பார்க்கவே மாட்டா. இரண்டையும் ஒரே பெயரில் ஒளிபரப்பும் ரவுட்டரில் முதல் இணைப்பு தோற்றுக்கொண்டே இருக்கும். விருந்தினர் வலையை 2.4இல் மட்டும் திறந்து அதில் ஓப்பனரைச் சேர்த்தால் இணைப்பும் இலகு, வீட்டுக் கணினிகளிலிருந்தும் அது விலகியிருக்கும். வீட்டு வலைக்குள்ளேயே கட்டுப்படுத்தும் பலகை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்த யோசனை சரிவராது. ரவுட்டரில் புதிய டபிள்யூபிஏ3 என்ற வைஃபை பூட்டு முறை மட்டும் இயங்கும்படி வைத்திருந்தாலும் இணையாது, டபிள்யூபிஏ2உம் 3உம் கலந்த முறைக்கு மாற்றுங்கள்.

7. விலைப்புள்ளி கேட்கும்போது

பொருத்தும் கூலி 150 முதல் 250 வரை. குறைந்தது இரண்டு பேரிடம் எழுத்தில் வாங்குங்கள். அதில் முழு மாடல் எண், 8 அடி நீட்டிப்பு, கதவின் மேல் பலகைக்குப் போடும் வலுவூட்டும் இரும்புப் பட்டை, பழைய மோட்டாரைக் கழற்றி எடுத்துப் போவது, வரி, கூலிக்கான உத்தரவாதம் எல்லாம் இருக்க வேண்டும்.

அந்த இரும்புப் பட்டையை விட்டுவிட்டு மலிவாகச் சொல்பவர்கள் உண்டு. மெல்லிய தகரக் கதவில் மோட்டாரின் கையை நேரே பலகையில் திருகினால், ஆறேழு மாதத்தில் நடுவில் மடிப்பு விழும். பிறகு பலகை மாற்ற ஓப்பனர் விலையைவிட அதிகம் கேட்பார்கள். பட்டை இல்லாததைக் காட்டிக் கதவு நிறுவனம் உத்தரவாதத்தையும் மறுக்கலாம்.

எழுதிய மதிப்பீட்டைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூட்டி வாங்க ஒன்ராறியோ நுகர்வோர் சட்டம் இடம் தராது. வேலை கூடியது என்றால், அதற்கு நீங்கள் புதிதாகச் சம்மதித்திருக்க வேண்டும். உங்கள் வீட்டு வாசலில் வைத்துக் கையெழுத்திட்ட, 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை 10 நாளுக்குள் ரத்துச் செய்யவும் உரிமை உண்டு. இணையத்தில் "29 டொலருக்கு வருகிறோம்" என்று வரும் விளம்பரங்களை நம்பி அழைத்தால், வந்தபின் ஸ்பிரிங், ரோலர், கேபிள் எல்லாம் போய்விட்டது என்று பட்டியல் நீளும். முதல் படியில் நீங்களே சோதித்து வைத்திருந்தால் அந்த வித்தை பலிக்காது.

பெட்டியில் போட்டிருக்கும் 'ஆயுள் உத்தரவாதம்' பெரும்பாலும் மோட்டாருக்கும் பெல்டுக்கும்தான். மின்பலகை, ரிமோட், சென்சர் போன்றவற்றுக்கு மிகக் குறைந்த காலம், பற்றரிக்கும் அப்படியே. பற்றுச்சீட்டையும் தொடர் எண் ஒட்டிய இடத்தையும் படம் எடுத்து வையுங்கள். கூரையில் ஏறிய பிறகு அந்த எண்ணைப் படிக்கக் கழுத்து வளையாது.

8. பொருத்தும் நாள்

தெரிந்தவர் இரண்டு மணி நேரத்தில் முடிப்பார். நீங்களே முதல் தடவை செய்தால் ஒரு முழு நாளை ஒதுக்கிக்கொண்டு, இன்னோர் ஆளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அக்டோபருக்குள் முடித்துவிடுவது நல்லது. முதல் பனிக்குப் பிறகு ஆட்களைப் பிடிப்பதும் கஷ்டம், கதவின் விசை அளவைச் சரியாக அமைப்பதும் கஷ்டம்.

யார் பொருத்தினாலும், காசு கொடுக்குமுன் இவற்றைப் பாருங்கள். மின்கண் இரண்டும் தரையிலிருந்து 6 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. பலர் அதை உயரத்தில் கட்டிவிடுவார்கள், தவழும் பிள்ளை அதன் கீழால் போய்விடும். சுவர்ப் பட்டன் தரையிலிருந்து 5 அடிக்குக் குறையாமல், பிள்ளைகளுக்கு எட்டாமல் இருக்க வேண்டும். கதவுக்கு நேர் கீழே ஒரு இரண்டுக்கு நான்கு அங்குல மரத்துண்டைப் படுக்க வைத்துக் கதவை மூடுங்கள். மரத்தில் முட்டியதும் திரும்பி மேலே போக வேண்டும். போகாமல் அமுக்கிக்கொண்டு நின்றால் விசை அளவு தவறு. இந்தச் சோதனையை மாதம் ஒருமுறை செய்வது நல்லது.

கதவு பாதி வந்து திரும்பிப் போய் விளக்கு மின்னினால் மின்கண்தான் முதல் சந்தேகம். சேம்பர்லேன் வகையில் அனுப்பும் கண்ணில் செம்மஞ்சள் விளக்கும் வாங்கும் கண்ணில் பச்சை விளக்கும் எரியும். பச்சை துடித்தால் நேர்க்கோடு தப்பியிருக்கிறது. மாலை நேரத்தில் மட்டும் இந்தத் தொல்லை வந்தால், சூரியன் வாங்கும் கண்ணுக்குள் நேரே விழுகிறது. இரண்டு கண்ணையும் இடம் மாற்றி, பச்சை விளக்குள்ளதை நிழல் பக்கம் வைத்தால் தீரும்.

ரிமோட் முற்றத்திலிருந்து எட்டவில்லையா? மோட்டாரில் போட்டிருக்கும் எல்இடி விளக்கைக் கழற்றிவிட்டு முயன்று பாருங்கள். மலிவு எல்இடிகள் ரேடியோ இரைச்சல் போடும். கராஜ் ஓப்பனருக்கென்றே விற்கும் விளக்கு சில டொலர் கூட, ஆனால் அந்தத் தொல்லை இல்லை.

9. செயலியில் முதல் நாள் செய்ய வேண்டியவை

பழைய வீடு வாங்கியவர்கள் முதலில் பழைய ரிமோட்டுகளை அழியுங்கள். முந்திய உரிமையாளர், அவருடைய வாடகைக்காரர், சுத்தம் செய்ய வந்தவர் என்று எத்தனை பேரிடம் இருக்கிறதோ. லேர்ன் பட்டனை அதன் விளக்கு அணையும்வரை, சுமார் ஆறு விநாடி, அழுத்திப் பிடித்தால் எல்லாம் அழியும். அதன்பின் உங்களுடையதை ஒவ்வொன்றாகச் சேருங்கள். கார்க் கண்ணாடியில் உள்ள பட்டன்களையும் திரும்பக் கற்பிக்க வேண்டும். காரே சற்றுப் பழையது, மோட்டார் மஞ்சள் பட்டன் என்றால் இடையில் ஒரு இணைப்புப் பெட்டி தேவைப்படலாம்.

இரு கட்ட உறுதிப்படுத்தலை இயக்குங்கள். கடவுச்சொல்லைக் குடும்பத்தில் பகிராமல், ஒவ்வொருவருக்கும் தனி அழைப்பு அனுப்புங்கள். பேஸ்மென்ட் வாடகைக்காரர் போகும் நாளில் அவரை மட்டும் நீக்கினால் போதும்.

கதவு பத்து நிமிடத்துக்கு மேல் திறந்திருந்தால் அறிவிப்பு வரும்படி வையுங்கள். தானாக மூடும் வசதியை யோசித்துப் போடுங்கள். மூடுமுன் மோட்டார் சத்தமிட்டு விளக்கை மின்ன வைக்கும், அதை அணைக்க வழி தேடாதீர்கள். குளிர்காலத்தில் காரைக் கராஜுக்குள் சூடாக்கும் பழக்கம் உள்ள வீட்டில் தானாக மூடுவது வேண்டவே வேண்டாம். என்ஜின் ஓட, கதவு மூட, கார்பன் மொனொக்சைட் வீட்டுக்குள் ஏறும்.

எத்தனை பூட்டுச் செயலி போட்டாலும், வெளியே நிற்கும் காரின் சூரிய மறைப்பில் ரிமோட்டைச் செருகி வைத்தால் எல்லாம் வீண். கார் கண்ணாடியை உடைப்பவனுக்கு வீடும் சேர்ந்து கிடைக்கும். சாவிக்கொத்தில் மாட்டும் சிறிய ரிமோட் வாங்குங்கள். கராஜிலிருந்து வீட்டுக்குள் வரும் கதவையும் இரவில் பூட்டுங்கள்.

10. குளிர்காலம்

கதவின் அடி ரப்பர் சிமெந்தோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். மோட்டார் முனகி நின்றால் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். பல்சக்கரம் போகும், அல்லது ரப்பர் கிழியும். சிவப்புக் கயிற்றை இழுத்து, ரப்பரைச் சுற்றி மெல்லத் தட்டி விடுவித்து, கையால் தூக்குங்கள். ரப்பரில் சிலிக்கோன் தெளிப்பானை நவம்பரில் ஒருமுறை அடித்து வைத்தால் ஒட்டுவது குறையும். உப்பைக் குவித்துப் போட்டால் சிமெந்தும் போகும், கேபிளின் அடிமுனையும் துருப்பிடிக்கும்.

ரோலர் அச்சுக்கும் கீல்களுக்கும் கராஜ் கதவுக்கென விற்கும் தெளிப்பான் போதும். தண்டவாளத்துக்குள் எண்ணெய் விடாதீர்கள், அழுக்குச் சேரும். துணியால் துடைத்தால் போதும்.

மோட்டாரில் உள்ள பற்றரி இரண்டு மூன்று வருடம் தாங்கும். முடிந்ததும் விட்டு விட்டு 'பீப்' ஒலிக்கும். நடு இரவில் புகை அலாரம் என்று எண்ணி வீடெல்லாம் தேடுவார்கள், ஒலி வருவது கராஜிலிருந்து. மாற்றுப் பற்றரி வாங்கும்போது பழையதில் உள்ள வோல்ட், அம்பியர் எண்களைப் பார்த்து அதே அளவில் எடுங்கள். பழையதைக் குப்பைப் பெட்டியில் போடாமல் நகரசபையின் அபாயக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.